இரண்டு பிடி வைத்த படப்பெட்டி

முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டும், நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடிக்கொண்டும் இதை வாசிக்கப்போகிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு கதையைத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆடு பஸ் ஏறிய கதை. உங்களில் பாதிப் பேராவது அதை என் வாயால் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கலியாண வீட்டுப் பந்தலில் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். இப்போது பார்த்தால், நாற்பது வருடத்துக்கு மேலாக அதைப் பிழையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்த வாயை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

நடந்ததெல்லாம் நடந்ததுதான். ஒரு இடத்தில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறேன். அது எந்த இடம் என்று சொல்வதற்கு முதலிலிருந்து வரவேண்டும். அவசரப்படாதீர்கள். உங்களுக்கும் எனக்கும் இனி என்ன அவசர வேலை கிடக்கிறது?

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் மெஷினில் வேலை. ஆலைக் குவாட்டர்ஸில் இருந்தோம். வயல் வட்டைகளில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் வண்டி வண்டியாக வரும். அதை அவிக்கிற வாசம் காற்றோடு வந்து வீட்டுத் துணிமணி, தலையணை, தேத்தண்ணி எல்லாவற்றிலும் ஏறிவிடும். வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அதுதான் வீட்டு வாசம். இன்றைக்கும் மழையில் நனைந்த வைக்கோல் போரைத் தாண்டிப் போனால் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

அந்த வருடம் கச்சான் காற்று வாய்க்குள் மண் போடுகிற மாதிரி அடித்தது. ஆகஸ்ட் லீவு தொடங்கியிருந்தது. அப்பா ஒரு பின்னேரம் சைக்கிள் கரியரில் காகிதச் சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய சுருளின் கடைசிச் சுற்றுகளில் சுருக்கம் விழுந்தால் அறுத்துத் திரும்பக் கூழாக்கப் போடுவார்கள். அதில் ஒன்றை ஆலைப் பெரியவரிடம் கேட்டு, கேற்றில் காட்டக் கடிதமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு முழ அகலம். விரித்துப் பார்த்தால் வாசலிலிருந்து கிணற்றைத் தாண்டி வேலிவரை போனது. வெள்ளைக் காகிதம் இல்லை, வைக்கோல் நிறம். அப்பா அதைக் கொப்பிகளுக்கு உறை போடத்தான் கொண்டுவந்தார். என் ஆயுள் முழுக்கப் படித்தாலும் அவ்வளவு கொப்பி வந்திருக்காது.

அதே கிழமைதான் ஆலைக்காரருக்குக் காக்கி உடுப்புத் தைக்க அளவெடுக்கவென்று ஓட்டமாவடியிலிருந்து தையற்காரர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் அளவைச் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதுவதற்கு மகளையும் கூட்டி வந்திருந்தார். என் வயதுதான். ஆட்கள் வரிசையில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த இடைவேளையில், அவள் தையல் சோக்கால் எங்கள் சிமெந்துத் தரையில் ஒரு ஆடு கீறினாள். அந்த ஆடு அவளுடைய வாப்பாவின் அளவு நாடாவைத் தின்றுகொண்டிருந்தது. நாடாவில் மிச்சமிருந்த இலக்கங்களைக்கூடப் போட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு முன் நான்தான் குவாட்டர்ஸிலேயே நல்லாகப் படம் கீறுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்த நினைப்புப் போய்விட்டது, ஆனால் எனக்குக் கவலையே வரவில்லை. சந்தோசம்தான் வந்தது.

மூன்றாவது ஆள் வேதக் கோயில் உபதேசியாரின் மகன். பாலன் பிறப்புக்குக் குடில் கட்டுவதில் பெரிய ஆட்களுக்கே யோசனை சொல்கிறவன். தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே கூட்டுகிற தும்புத்தடிக் கம்பு இரண்டை நிறுத்தினான். ஒரு கம்பில் சுற்றிய காகிதம் மற்றக் கம்புக்குப் போகும். பெட்டியை மேற்கு வாசலில் வைத்தால் பின்னேர வெயில் பின்னாலிருந்து விழுந்து படம் வெளிச்சமாகத் தெரியும். ஆலை மண்டபத்தில் லீவு முடிகிற சனிக்கிழமை சிறுவர் விழா நடப்பது வழக்கம். அதில் எங்கள் படப்பெட்டியைக் காட்டுவது என்று முடிவானது. கேட்டவர்கள் எல்லாரும் பாடும் மீனை வைத்துக் கதை செய்யுங்கள் என்றார்கள். மட்டக்களப்பில் பிறந்தால் பாடும் மீனை விட்டால் கதியில்லை என்று நினைப்பு. நாங்கள் ஆட்டிலேயே நின்றோம்.

கதை என்னுடையது. வாழைச்சேனைத் தோணிக்காரர் ஒருவரின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப்போய், ஓட்டமாவடியில் பொலநறுவை பஸ்ஸில் ஏறிவிடுகிறது. போகும் வழியெல்லாம் அட்டகாசம். பொலநறுவையில் இறங்கிக் குளத்தைப் பார்த்ததும் வீட்டு நினைப்பு வந்து, நடந்தும் நெல் லொறியில் ஏறியும் திரும்பி வருகிறது. போவதற்குப் பன்னிரண்டு படம், வருவதற்குப் பன்னிரண்டு படம். போகிற பாதியை நான் கீறுவது, வருகிற பாதியை அவள் கீறுவது, பெட்டியும் சத்தங்களும் உபதேசியார் மகன். அவள் பாலத்துக்கு அங்கால், நாங்கள் இங்கால். தினமும் வந்துபோக முடியாது. அதனால் சுருளை நடுவில் அறுத்துப் பாதியை அவளிடம் கொடுத்தோம். கடைசியில் கோதுமை மாப் பசையால் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் இருந்து கீறினாலும் ஒருவர் கீறியது போல இருக்கவேண்டும் என்று, பாலத்தடியில் ஒரு முழுப் பின்னேரம் இருந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். படம் முழுக்கக் கீழே வாவித் தண்ணீர் ஒரே உயரத்தில் ஓடவேண்டும். அதற்கு இரண்டு ஐஸ்பழக் குச்சியைச் சமமாக உடைத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். தண்ணீருக்கு உடுப்புக்குப் போடும் நீலம், மணலுக்கு மஞ்சள், ஆட்டுக்குத் தேத்தண்ணிச் சாயம், மரத்துக்கு அவரை இலைச் சாறு, ஆட்டின் கழுத்துக் கயிற்றுக்குக் குங்குமம். படத்துக்குப் படம் கோடு போட்டுப் பிரிக்கக் கூடாது, ஒன்று மற்றதுக்குள் ஓடவேண்டும். ஆட்டுக்கு எத்தனை காது என்பதைத் தவிர மிச்சமெல்லாம் பேசினோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் உபதேசியார் மகனிடம்.

"பெட்டிக்குப் பிடி ரெண்டு பக்கமும் இருக்குமா?"

இரண்டு கம்புக்கும் பிடி இருக்கும், காட்டி முடிந்ததும் திரும்பச் சுற்றி வைக்க வேண்டுமே என்றான். அவள் தலையை ஆட்டினாள். நான் அப்போது ஆட்டின் கொம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால்தான் இவ்வளவும்.

அந்த மூன்று கிழமைக்கும் நான் காலமை எழும்பிய வேகத்தை என் அம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் கண்டதில்லை. தையற்காரர்தான் எங்கள் தபால்காரர். உடுப்புப் போட்டுப் பார்க்க வரும்போதெல்லாம் சட்டைப்பையில் பொத்தான்களோடு ஒரு துண்டுத் துணி இருக்கும். அதில் அவள் சோக்கால் எழுதியிருப்பாள். பாதி எழுத்து வாப்பாவின் பையோடு தேய்ந்துபோயிருக்கும், மிச்சத்தை நான் ஊகிக்க வேண்டும். லொறிக்காரருக்கு மீசை வைக்கட்டா என்று ஒருநாள். ஆட்டுக்கு மணி கட்டினால் உபதேசியார் மகனிடம் மணி இருக்குமா என்று இன்னொரு நாள். நான் என் பாவாடை விளிம்புத் துணியில் பதில் எழுதி அனுப்புவேன். அம்மா பாவாடை ஏன் கட்டையாகிக்கொண்டு போகிறது என்று கேட்டபோது வளர்ந்துவிட்டேன் என்றேன்.

உபதேசியார் மகன் சத்தங்களைத் தேடித் திரிந்தான். மழைக்குச் சுளகில் நெல், பஸ்ஸுக்குத் தகர டின்னுக்குள் புளியங்கொட்டை, தோணிக்கு வாளித் தண்ணீருக்குள் கை. ஆட்டின் சத்தத்தைத் தொண்டையால் போட்டான். அவன் பழகத் தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு எங்கள் வேலியோரத்தை விட்டு அசையவில்லை.

நான் மட்டும் என் பன்னிரண்டு படத்திலும் ஒரு ஆட்டைச் சரியாகக் கீற முடியாமல் நின்றேன். அது எப்படிப் போட்டாலும் நாயாகவே வந்தது. கொம்பைப் பெரிதாக்கினேன். கொம்பு முளைத்த நாயானது. உபதேசியார் மகன் கூர்ந்து பார்த்துவிட்டு, பொலநறுவைப் புல்லைத் தின்று ஆடாக மாறிற்று என்று கதையில் ஒரு வரி சேர்க்கலாம் என்றான்.

கடைசிக் கிழமை தையற்காரர் ஒரு செய்தி சொன்னார். ஏறாவூரில் கடை ஒன்று சரிவந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லொறி வைத்து வீட்டோடு போகிறோம் என்றார். சிறுவர் விழா சனிக்கிழமை. ஏறாவூருக்குப் போனால் கடை புதிது, வேலை நிறைய, தனக்குப் பொத்தான் துளைத் தையலே போதும், கீற நேரமிருக்காது என்று அவள் துணித்துண்டில் எழுதியிருந்தாள். உம்மா ஒரு தடவையாவது இந்தப் படம் ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அந்த வரி தேயாமல் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காட்டாவிட்டால் பிறகு எப்போதுமே இல்லை. 

வியாழக்கிழமை அவள் தன் பாதியோடு வந்தாள். விழாவை நடத்துகிற சித்திர டீச்சர் மண்டபத்தில் இருந்தார். உபதேசியார் மகன் பெட்டியைத் தந்துவிட்டுப் பூசைக்கு மணியடிக்கப் போயிருந்தான். என் பாதிக்கு வலப்பக்கமாக அவள் பாதியை வைத்து ஒட்டினோம். தண்ணீர் ஒரு நூல் பிசகாமல் போய்ப் பொருந்தியது. ஐஸ்பழக் குச்சியை முத்தமிட்டேன். பிறகு நான் பிடியைச் சுற்றினேன்.

என் பன்னிரண்டும் ஒழுங்காகப் போயின. ஆடு வலப்பக்கம் பார்த்துக்கொண்டு பொலநறுவைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த படம் வந்தது. அதில் ஆடு வாழைச்சேனையில் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, தோணிக்காரர் பெண்சாதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அது கதையின் கடைசிப் படம். மேலே சுற்றினேன். ஆடு பின்பக்கமாகவே நடந்து பாலத்தைக் கடந்தது, பின்பக்கமாக லொறியில் ஏறியது, கடைசியில் பொலநறுவைக் குளத்தடியில் போய் நின்றது. அவள் தன் பாதியை வலப்பக்கத்து ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாகக் கீறிக்கொண்டு வந்திருந்தாள். ஆடு எல்லாப் படத்திலும் இடப்பக்கம் பார்த்தது.

சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. இந்தப் பாதி முழுக்கப் பிழை, துண்டு துண்டாக வெட்டி மாற்றி ஒட்டினாலும் ஆடு மற்றப் பக்கம்தானே பார்க்கும், இனித் திருத்த முடியாது, முதற்பாதியை மட்டும் காட்டுங்கள் என்றார். தையற்காரர் மகள் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், அது வந்து..."

நான் முந்திக்கொண்டேன். "அவ ஓதுற பள்ளியில அந்தப் பக்கத்தால எழுதிப் பழகினவ, டீச்சர். அதான் படத்தையும் அப்பிடிக் கீறிட்டா. அவவில பிழையில்ல."

டீச்சருக்கு அது உடனே விளங்கிவிட்டது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் போவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பாவம், பிள்ளை பழக்கதோசத்தில் செய்துவிட்டது என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய சட்டத்தரணி மாதிரி அவளைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஈரம் காயாத ஒட்டை மெல்லப் பிரித்து, தன் பாதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. நான் அவளுக்காகப் பேசினால் அவள் என்னோடு கோபிக்கிறாளே என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். அம்மாவும் நன்றி கெட்ட காலம் என்றா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உபதேசியார் மகன் வந்தான். முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கு என்றான், இரண்டு பேரும் பெட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பாலத்தால் நடந்தோம். காற்று பெட்டிக்குள் புகுந்து எங்களைத் தோணி மாதிரித் தள்ளியது. வழியெல்லாம் நான் என் நியாயத்தைப் பேசிக்கொண்டு போனேன். அவன் பாதிவழியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆடு பொலநறுவைக்குப் போகுதா, பொலநறுவையிலிருந்து வருகுதா என்று கேட்டான். வருகிறது என்றேன். சரி, தூக்கு என்றான். அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டியிருந்தது. பானை சட்டியெல்லாம் மூட்டை. அவள் மூலையில் இருந்து காற்சட்டை ஒன்றுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா எங்களுக்குத் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் தந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"என்ன நடந்தது புள்ள? நேத்து வந்ததிலருந்து ஒரு கதையுமில்ல, ஒரு சிரிப்புமில்ல."

நான் உம்மாவுக்கும் அதே விளக்கத்தைச் சொன்னேன். ஓதுகிற பள்ளி, வலப்பக்கம், பழக்கம், அவளில் பிழையில்லை. அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள். உபதேசியார் மகன் பெட்டியைப் பின்வாசலில் வெயிலுக்கு வைத்தான். மூட்டைக்கு மேல் கிடந்த அவள் பாதியை எடுத்துக் கம்பில் மாட்டினான். ஓடவிட்டு மற்ற முனைக்குக் கொண்டுபோனான். பிறகு அங்காலப் பக்கத்துப் பிடியைப் பிடித்துத் திருப்பிச் சுற்றினான்.

"ஆடு திரும்பித்தானே வருகுது? அப்ப திருப்பித்தானே சுத்தோணும்."

பொலநறுவைக் குளத்தடியில் நின்ற ஆடு இடப்பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கியது. லொறியில் ஏறியது. மீசை வைத்த லொறிக்காரர் வந்தார். காகிதத்தில் இருந்த வைக்கோல் துணுக்கெல்லாம் வெயிலில் தெரிந்தன, வயல் வழியாக வருவது போலவே இருந்தது. பாலம் வந்தது, வீடு வந்தது. உம்மா ஈரக் கையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, அல்லாஹ், ஆடு வீட்ட வந்திட்டு என்று வாயில் கையை வைத்தார். தையற்காரர் மகள் ஊசியைக் காற்சட்டையிலேயே குத்திவிட்டு எழும்பி வந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கோவமா என்று கேட்டேன். இல்லை என்றாள். நாளைக்கு வருவாயா என்றேன். வருவேன், உம்மாவும் வருவா என்றாள். திரும்பிப் போகும்போது பெட்டி பாரமாகவே இல்லை.

சனிக்கிழமை காலமை இரண்டு பாதியையும் திரும்ப ஒட்டினோம். பின்னேரம் நாலு மணி. வெயில் மேற்கு வாசலுக்கு வந்தது. மண்டபத்தில் தரையெல்லாம் பிள்ளைகள், பின்னால் வாங்குகளில் பெரியவர்கள். டீச்சர் முன்வரிசை. தையற்காரர் நெருக்கமான லைனிங் துணியில் தைத்த திரையைப் பெட்டிக்குப் போட்டிருந்தார். உம்மா கதவோரம் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றார். நான் கதையை வாசித்தேன். என் நாய் பஸ்ஸில் ஏறியது, கொண்டக்டர் கொடுத்த டிக்கற்றைத் தின்றது, வெற்றிலைக் கூடையைக் கவிழ்த்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இது நாயா ஆடா என்று ஒரு சின்னவன் கேட்டான், உபதேசியார் மகன் டின்னைக் குலுக்கி அவன் குரலை மூடினான்.

ஆடு பொலநறுவை சேர்ந்தது. திரையை இழுத்தோம். இப்போது அவள் பாதி முழுவதையும் மறுமுனைவரை ஓடவிடவேண்டும். அது அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நாங்கள் கணக்குப் போடவில்லை. அவனுக்குக் கை நோகிறது, அவள் மற்றப் பக்கம் நின்று காகிதம் கிழியாமல் கொடுக்கிறாள், எனக்குச் சொல்ல ஒரு வரியும் இல்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார்.  அந்த நேரத்தில் உபதேசியார் மகன் சுற்றிக்கொண்டே ஆடு மாதிரிக் கத்தினான். இவன் பின்னாலேயே வந்து மண்டப வேலியோரத்தில் நின்ற பக்கத்து வீட்டு ஆடு பதில் கத்தியது. இவன் திரும்பக் கத்தினான், அதுவும் விடவில்லை. மண்டபமே சிரித்து உருண்டது. ஆடு பொலநறுவையில் நின்று வீட்டைக் கூப்பிடுகிறது என்று நான் சொன்னேன். எங்கிருந்து அந்த வரி வந்ததோ தெரியாது.

திரை திறந்தது. ஆடு இப்போது இடப்பக்கம் பார்த்தபடி நின்றது. பிடி திரும்பிச் சுற்றியது. நாயா என்று கேட்ட அதே சின்னவன்தான் முதலில் எழும்பினான்.

"ஆடு வருகுது! திரும்பி வருகுது!"

பிறகு நான் வாசித்தது ஒருவருக்கும் கேட்டிராது. ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளைகள் வா வா என்று கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். பாலம் வந்தபோது பெரியவர்களும் கூப்பிட்டார்கள். தோணிக்காரர் பெண்சாதி ஆட்டைக் கட்டிப் பிடித்தபோது ஆலைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன், அவர் என் அப்பாதான். கைதட்டு நின்றதும் நான் டீச்சருக்கு முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், அந்தப் பாதி பிழையில்ல."

டீச்சர் சிரித்தார். ஓம், தற்செயலாகச் சரிவந்துவிட்டது, நல்ல காலம் என்று சொல்லி அவள் தலையைத் தடவினார். அவள் குனிந்துகொண்டு நின்றாள். நானும் நல்ல காலம் என்றுதான் நினைத்தேன்.

போகும்போது சுருளை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஒட்டின இடத்தில் வெட்டி, என் பாதியை அவளும் அவள் பாதியை நானும் வைத்துக்கொள்வது என்று பேசினோம். தையற்காரர் இடுப்பிலிருந்து தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் வாய் மழுங்கிவிடும், வீட்டில் அவள்கூடத் தொடக்கூடாத சாமான் அது. அன்றைக்கு அவரே தந்தார். அடுத்த நாள் காலமை லொறி போனது. அவள் பாதி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் சில வருடம் இருந்தது. பிறகு வந்த பெரும் புயலில் கூரையோடு போய்விட்டது. அதற்கும் பிறகு, கலவரம் வந்து, அந்தப் பாலத்தைக் கடக்க ஆட்கள் யோசித்த வருடங்கள் வந்தன. உங்களுக்குத் தெரியாததா? ஏறாவூர் பஸ்ஸில் ஒருமணி நேரப் பயணம்தான். நான் போகவில்லை. அவளும் வரவில்லை.

கதையை மட்டும் எல்லா இடமும் கொண்டு திரிந்தேன். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது எந்தப் பக்கத்தால் தொடங்குகிறோம் என்று கேட்கவேண்டும், பாருங்கள், ஒருத்தி இடமிருந்து, ஒருத்தி ஓதுகிற பள்ளிப் பழக்கத்தில் வலமிருந்து, நல்லவேளை தற்செயலாகப் பொருந்தியது என்று முடிப்பேன். நல்ல முடிவு. கைதட்டு விழும்.

போன மாதம் கண் கிளினிக்கில் இருந்தேன். கண்புரைக்கு வெட்டிய கண்ணைக் காட்டுகிற நாள். வரிசை நீளம், வாங்கில் பக்கத்தில் ஒரு பெண், எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஆட்டைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வியாழக்கிழமை, டீச்சர், ஓதுகிற பள்ளி, பழக்கம் எல்லாம் சொல்லி வரும்போது பின்வாங்கில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அடக்கி அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு. கண்ணுக்குக் கூடாது, சிரிக்காதீர்கள் என்று நேர்ஸ் வந்து ஏசினா. திரும்பிப் பார்த்தேன். முக்காடு, ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு. எனக்கும் ஒரு கண்தான். இரண்டு பேருக்குமாக இருந்த இரண்டு கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"குரலக் கேட்டதும் நீதான் எண்டு தெரியும்கா. முழுக்கச் சொல்லட்டும் எண்டு இருந்தன்," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணுக்குக் கூடாது என்று நேர்ஸ் அதற்கும் ஏசினா. கையை விடாமல் அவள் சொன்னாள்.

"ஓதுற பள்ளியில அந்தப் பக்கத்தால எழுதினன்தான். பள்ளிக்கூடத்துப் பாடத்த இந்தப் பக்கத்தாலயும் எழுதினன்தானே? வாப்பாட அளவுக் கொப்பிய எந்தப் பக்கத்தால எழுதினன்? ஆடு வீட்ட வருகுது. வீட்டப் பாத்துத்தான் வரும். போன பக்கமே நடந்தா அது எப்பிடி வீடு வந்து சேரும்? அதுக்குத்தான் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் பிடி இருக்குமா எண்டு கேட்டன்."

தற்செயல் இல்லை, பழக்கமும் இல்லை. பதினொரு வயதில் அவள் யோசித்துக் கீறியது அது. எங்கள் மூன்று பேரில் முழுப் படத்தையும் தலைக்குள் ஓட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்ப ஏன் சொல்லல்ல?" என்றேன்.

"எங்க சொல்ல விட்டாய்? நீ எனக்காகப் பேசிக்கொண்டே நிண்டாய்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது, இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து உபதேசியார் மகனுக்குப் போன் பண்ணினேன். பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவன், பொலநறுவை ரூட்டே இருபது வருடம் ஓட்டினவன். விசயத்தைச் சொன்னேன்.  உனக்கு இப்போதான் தெரியுமா என்று கேட்டான். சுகம் விசாரித்துவிட்டு, பொல்லாதவன், ஆடு மாதிரிக் கத்திவிட்டுப் போனை வைத்தான்.

ஆகவே இதுதான் திருத்தம். இனி எந்தப் பந்தலிலாவது அந்தக் கதையை நீங்கள் சொன்னால், தையற்காரர் மகள் தெரிந்தேதான் கீறினாள் என்று சொல்லுங்கள். பிழை விட்டது மற்றவள்.

என் பாதி அவளிடம் பத்திரமாக இருக்கிறதாம். உன்ட நாய் இன்னும் என்ட அலுமாரிக்குள்ளதான் படுத்திருக்கு என்றாள். மற்றக் கண்ணும் வெட்டி ஆறியதும் திரும்பி வருகிற பாதியைப் புதிதாகக் கீறப்போகிறாள். அவளுடைய பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். பெட்டிக்கு உபதேசியார் மகன் பலகை தேடுகிறான். போன வெள்ளிக்கிழமை நான் ஏறாவூருக்குப் போய் அவள் வீட்டு மேசையில் புதுக் காகிதத்தை விரித்து வைத்துவிட்டு, எந்தப் பக்கத்தால் தொடங்குவோம் என்று கேட்டேன்.

அவள் காகிதத்தின் இந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு அந்த ஓரத்தை. எனக்கு வாய் துருதுருவென்று வந்தது. இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை பேசாமல் இருந்தேன்.